ஏரிக்கரைக் கல்லும் பத்துத் தப்படியும்

எடுத்த எடுப்பில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரம் போய்விட்டான் என்ற சேதி வந்தபோது நான் என் இன்ஜின் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் அப்பா நைனாவின் பழைய காக்கி அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி மடக்கி எழுந்துகொண்டிருந்தேன். மாஜி ராணுவக் கிழவர்களுக்கு ஏகாம்பரம் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. ஏழு வருஷமாக அதை ஊர் முழுக்கக் கேலி பேசியவன் நான். உத்திரமேரூர் சந்தை நடுவில் நின்று நடித்தே காட்டியிருக்கிறேன். அந்த வாயை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக அதையே செய்துகொண்டிருந்தேன், தொப்பை அப்படி.

கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது. ஊரிலுள்ள ஆயில் இன்ஜின்களை எல்லாம் பிரித்து மாட்டுகிற எனக்கு, சொந்தத் தாழ்ப்பாளைச் சரி பண்ண நேரம் வரவில்லை. ஜோசப்பண்ணன் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர், ஏகாம்பரத்திடம் தினமும் பயிற்சிக்கு வந்து நடந்த எட்டுப் பேரில் ஒருவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா கோதண்டம், இத்த அவன் கண்ணு முன்னால செஞ்சிருந்தா எம்மாம் சந்தோசப்பட்டிருப்பான்," என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "போயிட்டாம்பா ஏகாம்பரம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல பெஞ்சி மேல குந்தினவன், குந்தினாப்பலயே போயிட்டான். தூங்கறான்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தாங்களாம்."

நான் மடக்கிய காலை நிமிர்த்தவில்லை. பாதியில் அப்படியே நின்றேன். எனக்குள் முதலில் ஓடிய நினைப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன்: இதிலும் முந்திக்கொண்டானே.

படத்திறப்புக்கு அச்சடிக்கிற சிறு மலரில் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஏகாம்பரமும் நானும் அதுவரை ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். ஆகையால் "அவர்" என்று எழுதினால் அவனே படத்திலிருந்து இறங்கி வந்து சிரிப்பான். "அவன்" என்றே எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அவனோடு பழகியவர்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அவன்மேல் பொறாமை பிடித்த நாள் எனக்கு நன்றாகத் தெரியும். சீனாக்காரன் சண்டைக்கு முன்னால், காஞ்சிபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனோம். நான்தான் மிதித்தேன். வரிசையில் நான் முன்னால், அவன் பின்னால். அளவுக்கம்பு பக்கத்தில் நிறுத்தினார்கள். அரை அங்குலம் குறைந்தேன். "அடுத்தவன்" என்று ஒரு குரல் வந்தது. அந்த அடுத்தவன் ஏகாம்பரம். அவன் தேறிவிட்டான். வெளியே வந்து என் தோளில் கை போட்டு, "வுடுறா கோதண்டம். நீ ஊர்லயே இரு, நான் வந்து உனக்குக் கத சொல்றேன்," என்றான். அவன் தேறியதைவிட இந்த ஆறுதல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வரும்போதும் நான்தான் சைக்கிள் மிதித்தேன்.

வீட்டில் நைனா வாசலிலேயே காத்திருந்தார். அவர் யுத்த காலத்துப் பட்டாளம், நாயக் பதவி. நாயக் கன்னியப்பன் என்றால் பர்மா எல்லை வரை போய் வந்தவர். என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் சோறு தின்னும்போது, "ஏகாம்பரம் தேறிட்டானாமே?" என்று மட்டும் கேட்டார். நைனா என்னைவிடக் குள்ளம். யுத்த காலத்தில் உயரம் பார்க்கவில்லை, மூச்சு வந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். "அந்த அர இஞ்சி உன்னாலதான் நைனா கொறைஞ்சிது," என்றேன். சொம்பு பறந்து வந்தது. குனிந்துவிட்டேன். குள்ளமாக இருப்பதில் அப்படிச் சில வசதி உண்டு.

இருபது வருஷம் கழித்து ஏகாம்பரம், பட்டாளத்துக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பி.டி. ஹவில்தாராக ஊருக்குத் திரும்பி வந்தான். ஊருக்குள் கரண்ட் மோட்டார் நிறைய வந்து, ஆயில் இன்ஜினுக்கு மவுசு குறைந்துகொண்டிருந்த காலம். எனக்குத் தொப்பை விழுந்திருந்தது, அவனுக்கு இடுப்பு அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரி சரோஜா அவனைப் பார்த்துவிட்டு, "உங்க கூட படிச்சவரா? நம்பவே முடியல," என்றாள். அன்று ராத்திரி அவள் வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிப் பழி தீர்த்துக்கொண்டேன். உப்பு இருந்தது.

அந்தச் சமயத்தில் நைனா கட்டிலோடு கிடந்தார். அம்மா போனதிலிருந்து முட்டி வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கட்டிலிலிருந்து வாசற்படி, வாசற்படியிலிருந்து கட்டில், அதுவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு. உத்திரமேரூர் டாக்டர், "நடக்க வைங்க, இல்லன்னா கால் அப்படியே பூட்டிக்கும்," என்று சொல்லிவிட்டார். நான் தைலம் தேய்த்தேன், கெஞ்சினேன், கிண்டல் பண்ணினேன், அழுதும் பார்த்தேன். "போடா, உன் வேலையப் பாரு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் ஏகாம்பரம் வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று குதிகாலைத் தட்டி, சலாம் அடித்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்:

"நாயக் கன்னியப்பன்!"

கட்டிலில் அசைவு தெரிந்தது.

"பெரிப்பா, ஏரிக்கரைக்கு காவல் போடணும். மயை காலம் வருது. ஆளு பத்தல. நாளைக்கு காலைல ஆறு மணிக்கு மொத மதகாண்ட ரிப்போர்ட் பண்ணுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நைனா எழுந்து உட்கார்ந்தார். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் தோளைத் தேடவில்லை. "டேய், என் பெல்ட்டு எங்க கீது?" என்றார். நான் கையெல்லாம் தைலத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். பட்டேன். அதற்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது.

அவன் தொழில் செய்த விதம் உங்களில் பலருக்குத் தெரியாது. "வயசானவனை எக்ஸர்சைஸ் பண்ணுன்னா வெக்கப்படுவான்டா. டூட்டின்னு சொன்னா வருவான்," என்பான். ஆகையால் எங்கள் ஏரிக்கரையில் காவல் என்று ஒன்றை அவனாக உண்டாக்கினான். மதகுக் கொட்டகையில் ஒரு சிலேட்டுப் பலகை. அதில் எட்டுப் பேர் பெயர். காலையில் பெயர் படிப்பான், எல்லோரும் "ஆஜர்" என்பார்கள். முட்டிக்கு நாலு பயிற்சி. அப்புறம் கையில் மூங்கில் தடியோடு வரிசையாகக் கரைமேல் நடை. கரையில் ஓர் இடத்தில் சுண்ணாம்பு அடித்த உருண்டைக் கல் ஒன்று இருக்கும். அதைத் தடியால் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதுதான் எல்லை. தொடாமல் திரும்பினால் காவல் செய்ததாகக் கணக்கில்லை.

ஒரு மத்தியானம் ஏரி மோட்டாரைப் பார்க்கப் போனவன், அவன் ரகசியம் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். ஏகாம்பரம் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, வாயால் எண்ணிக்கொண்டு நடந்தான். பத்துத் தப்படி. வைத்தான். பழைய இடத்தில் இருந்த தடத்தைக் காலால் தேய்த்து அழித்தான். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதடா," என்றான். "எட்டு பேரும் மூச்சு வாங்காம வந்தா மாசத்துக்கு ஒரு தபா நவுத்துவேன். யாருக்குனா ஜுரம் வந்தா பின்னால இயுத்துடுவேன். ஒரு தபாவுக்கு பத்து தப்படி. அதுக்கு மேல ஒண்ணு கூட கூடாது. கெயவன் காலுக்கு அது தெரியவே கூடாது."

கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு தகர டப்பா வைத்திருந்தான். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். அது நைனாவின் மெஸ் டின், பட்டாளத்தில் சோறு வாங்கித் தின்கிற டப்பா. யுத்தத்திலிருந்து கொண்டுவந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டதற்காக என் கை வீங்கியிருக்கிறது. என் கல்யாணத்தன்று கூட அதை எடுத்துக் காட்டியதோடு சரி, கொடுக்கவில்லை. அதில் இவன் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து, "நைனா, உன் மெஸ் டின்னு எங்க?" என்றேன்.

"ஏகாம்பரத்துகிட்ட கீது. சுண்ணாம்பு கலக்க டப்பா இல்லன்னான், குடுத்தேன்," என்றார். ஏதோ பக்கத்து வீட்டுக்கு மோர் கொடுத்த மாதிரி சொன்னார்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் நான் ஏரிக்கரைக்குப் போனேன். அந்தக் கல்லைத் தூக்கினேன். பத்துத் தப்படியில் நிற்கவில்லை. ஐந்நூறோ அறுநூறோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கடைசி மதகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். காலையில் கிழவர்கள் கல்லைக் காணாமல் பாதியில் திரும்புவார்கள், ஏகாம்பரத்தின் வண்டவாளம் வெளியே வரும், நைனா என் பக்கம் திரும்புவார் என்று கணக்கு.

அவர்கள் திரும்பவில்லை. ஏகாம்பரம் அன்று காலை ஒரு கிழவருக்கு மருந்து வாங்க ஊருக்குள் போயிருந்தான். எட்டுப் பேரும் கல் இருக்கும் இடம் வரை போனார்கள். தொட்டார்கள். வந்தார்கள். நைனா வீடு வந்து சேர வெயில் ஏறிவிட்டது. கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. கட்டிலில் விழுந்தவர் மூன்று நாள் எழவில்லை. மூன்று ராத்திரியும் நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். மறுபடி அந்தக் கால் நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை வாய்விட்டுச் சொல்லவும் வழி இல்லை.

அதனால் ஒரு கேவலமான வேலை செய்தேன். "நைனா, உனுக்கு ஒண்ணு தெரியுமா? அங்க காவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொம்மா உங்கள நடக்க வெக்கறான். அந்த கல்ல அவன்தான் நவுத்திக்கினே கீறான்," என்றேன்.

நைனா கண்ணைத் திறக்காமலே, "தெரியும்," என்றார். "மொத வாரத்துலேர்ந்து எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு நடக்கறீங்க?"

"அசாம்ல எட்டு மாசம் காலி டிரம்முக்கு காவல் நின்னேன்டா. காலின்னு சுபேதார் வரைக்கும் தெரியும். ஒருத்தன் வாயத் தொறக்கல. தொறந்தா மறுநாளு குந்திக்கினு கெடக்கணும்." அப்புறம் கண்ணைத் திறந்தார். "ஆனா ஏகாம்பரம் பத்து தப்படிக்கு மேல நவுத்தமாட்டான்."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். நான் ஒத்தடத் துணியைப் பிழிகிற சாக்கில் கையை வெந்நீரில் விட்டேன். சுட்டது.

மறுநாள் ஏகாம்பரத்தைத் தேடிப் போனேன். கடைசி மதகுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனதும் எனக்கு விஷயம் புரிந்தது. வெள்ளைக் கல்லில் பத்து விரலும் பதிந்திருந்தது, கறுப்பாக, இன்ஜின் கிரீஸ். ஊரில் கிரீஸ் கைக்காரன் நான் ஒருத்தன்தான். ஒவ்வொரு விரலாக அவன் மேலே சுண்ணாம்பு பூசி மறைத்துக்கொண்டு வந்தான். கடைசிக் கட்டை விரலையும் மறைத்த பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பெரிப்பா கால் எப்டி கீது?"

"வத்திக்கினு வருது."

"நாலு நாளு போவட்டும். கல்ல முதல் மதகாண்ட கொண்டாந்துடலாம். மறுபடி ஆரம்பிப்போம்." ஒரு பக்கம் கல்லைப் பிடித்தான். "அந்தப் பக்கம் புடி. கைய தொடச்சிக்கினு புடி."

இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழியில் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் திட்டியிருந்தால் அன்றோடு என் பொறாமை தீர்ந்திருக்கும். திட்டாமல் விட்டதால் இன்னும் பத்துப் பங்கு ஆயிற்று. அவன் மாதிரி ஆளாக இருப்பது எப்படி என்று எவனும் எனக்கு அளவுக்கம்பு வைத்துக் காட்டியதில்லை.

நைனா மறுபடி நடந்தார். முதல் மதகிலிருந்து பத்துப் பத்தாக. இன்றைக்கு அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, என் தோளைத் தொடுவதில்லை. ஆறு வருஷத்தில் கல் ஊர்ந்து ஊர்ந்து ஏறக்குறையக் கரையின் முனைக்கே வந்துவிட்டது. நான் என் கேலியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகம் வரும் அல்லவா? "காலி ஏரிக்கு காவலா, மீனு ஓடிடப் போவுதா?" என்று கரையோரம் நின்று கத்துவேன். எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். ஏகாம்பரம் மட்டும், "மீனு ஓடாது, நீதான் ஓடணும், உன் வயித்தப் பாரு," என்பான்.

இந்த மழைக்கு முன்னால் அவன் என் கொட்டகைக்கு வந்தான். "கரை வழுக்கும். எட்டு தடிக்கும் அடியில ரப்பர் போடணும். பழைய டயர் வச்சிருக்கியே, வெட்டிக் குடுறா," என்றான். ஒரு மணி நேர வேலை. "நாளைக்கு" என்றேன். மறுநாள் வந்தான், "நாளைக்கு" என்றேன். ஹவில்தார் என்னிடம் வந்து நிற்கிறான், நடக்கட்டும் என்று ஒரு ருசி. மூன்று வாரம் அப்படி ஓட்டினேன். கடைசியில் சிரித்துக்கொண்டே, "உன் நாளைக்கு வர்றதுக்குள்ள மயை வந்துடும்," என்று சொல்லிவிட்டு, ரப்பர் வாங்கச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினான். அந்தப் பெஞ்சில் அவன் மடியில் இருந்த பையில் அந்த ரப்பர்கள்தான் இருந்தன. அவன் இருதயம் எங்கே இருந்தாலும் அன்றைக்கு நிற்கத்தான் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை நான் தினமும் ஒருமுறை எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் சம்சாரம் தனலட்சுமி பையையும் மெஸ் டின்னையும் கொண்டுவந்து என் கொட்டகையில் வைத்தாள். "உங்ககிட்ட குடுக்கணும்னு தோணுச்சுண்ணா," என்றாள். நைனா பக்கத்தில்தான் இருந்தார். மெஸ் டின்னைத் தனக்கென்று கேட்கவில்லை. நான் ரப்பர்களை எண்ணினேன். ஒன்பது இருந்தது.

"எட்டு பேருதானே? கடக்காரன் ஒண்ணு கூட போட்டுட்டான் போல," என்றேன்.

நைனா என்னை மதகுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். எட்டுப் பெயருக்கும் கீழே ஒன்பதாவதாக ஏகாம்பரத்தின் கையெழுத்தில் "கோதண்டம்" என்று இருந்தது. எதிரே "லீவு".

"தெனம் படிப்பான்," என்றார் நைனா. "'கோதண்டம்'னுவான். நான் 'லீவுல கீறான்'னுவேன். எய்திக்குவான்."

"எப்பத்துலேர்ந்து?"

"என் கால் வீங்குச்சே, அப்பத்துலேர்ந்து."

நான் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நைனா என் தோளில் கை வைத்தார். நடக்க முடியாமல் அல்ல.

ஆக, என்னிடம் மிஞ்சியது அந்த மெஸ் டின். பாதி வரை சுண்ணாம்பு காய்ந்து இறுகிப்போய், உளி வைத்தாலும் வராது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டது நைனா கையால் வரவில்லை, ஏகாம்பரம் வீட்டிலிருந்து வந்தது. அதற்கும் ஒரு பொறாமை இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு கல் நகர்த்துகிற அவன் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது தடிக்கும் ரப்பர் போட்டு, கம்பி சுற்றி முறுக்கினேன். சரோஜா எனக்கு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். "இப்பவாவது கரையுதா பாப்போம்," என்று என் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த மாதத்துக்குக் கல் நகர வேண்டியிருந்தது. சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனேன். கல்லைத் தூக்கினேன். வாய்விட்டு எண்ணிக்கொண்டு சரியாகப் பத்துத் தப்படி நடந்து வைத்தேன். சந்தேகத்துக்குத் திரும்பி வந்து மறுபடி எண்ணினேன். பத்துதான். கரை ஒன்பதாவது தப்படியில் முடிந்துவிட்டது. பத்தாவது, எருமைகள் ஏரிக்குள் இறங்குகிற சரிவில் விழுந்தது. கணக்கு சரியாக இருந்ததால் நான் சரிவைப் பற்றி யோசிக்கவில்லை.

காலையில் ஜோசப்பண்ணன் பெயர் படித்தார். என் பெயர் வந்ததும் பதில் சொல்ல நைனா வாய் திறந்தார். நானே "ஆஜர்" என்றேன். முட்டிக்கு நாலு பயிற்சி முடித்து, நைனா முதலிலும் நான் கடைசியிலுமாகக் கரைமேல் நடந்தோம். கரை முடிந்தது. சரிவில் கல் இல்லை. ஏரிக்குள், கரையிலிருந்து ஏழெட்டுத் தப்படி தள்ளி, தண்ணீருக்கு மேலே உள்ளங்கை அகலம் வெள்ளையாகத் தெரிந்தது.

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஜோசப்பண்ணன் செருப்பைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் வரிசை குலையாமல் இறங்கினார்கள். முழங்கால் தண்ணீர். நைனாவுக்கும் எனக்கும் தொடை வரை. ஒவ்வொருவராகத் தடியால் கல்லைத் தொட்டு, வலது பக்கமாகத் திரும்பி, கரை ஏறினார்கள். ஒன்பதாவதாக நான் தொட்டேன். சேற்றில் ஒரு தடியின் ரப்பர் கழன்று போயிற்று. என்னுடையது.